பேச்சிக்கு இரண்டு முகம்

என் செல்லப் பேச்சிக்கு,

சௌக்கியமா என்று கேட்கலாமா? கேட்டுவிட்டேன். இதை யாரையும் எழுதச் சொல்லவில்லை, நானேதான் எழுதுகிறேன். நம்புவாயா? கைநாட்டு வைத்தவனை மருமகள் செல்வி மாலை வகுப்பில் சேர்த்துவிட்டாள். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் என்ன சந்தோஷம்!

உன் பொம்மைகள் எல்லாம் நலம். குமுளியில் நீ அறை பெருக்கிய விடுதியில், கட்டிலுக்கு அடியில் பிள்ளைகள் விட்டுப்போனவை. பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டுச் சாமானோடு வரும் பெருவிரல் உயர மனிதர்கள். யாரும் தேடி வராததை மேனேஜர் உனக்கே கொடுத்துவிடுவார். கூடலூரில் ஜீப்பை விட்டு நீ இறங்கும்போது முந்தானை முடிச்சுக்குள் ஒரு மஞ்சள் தலை இருக்கும்.

எல்லாருக்கும் மஞ்சள் முகம். முடியைக் கழற்றினால் மொட்டை போட்டுச் சந்தனம் பூசியது போல இருப்பார்கள். "பழனிக்குப் போயிட்டு வந்திருக்காக" என்பாய். பிறகு நகப்பூச்சும் பெயின்டும் வைத்து அவர்களை நம் தெரு ஆட்களாக மாற்றுவாய். விண்வெளி வீரன், லோயர் கேம்பில் மதகு திறந்துவிடும் வேலை பார்ப்பவர் ஆனார். கடற்கொள்ளைக்காரன் எதிர்வீட்டு ஏலக்காய் வியாபாரி சாகுல் பாய் ஆனார். என்னையும் மண்வெட்டியோடு செய்தாய். தொப்பை வைக்க முடியாததால், சட்டைப் பொத்தான் தெறித்தது போல வரைந்து வைத்தாய். உன்னை மட்டும் ஏன் செய்யவில்லை?

நேற்று உன் முதல் திதி. படையலுக்கு நீலச் சேலை எடுத்திருந்தோம். அதே நீலத்தில் ஒரு பேச்சியைச் செய்து உன் தெருவில் நிறுத்த ஆசைப்பட்டேன். காலுக்குப் பதிலாகச் சரிவுக் கட்டையை மாட்டினால் சேலை கட்டியது போல இருக்கும் என்பது நீ கண்டுபிடித்ததுதானே? அது வந்துவிட்டது. முகம்தான் வரவில்லை. பழைய முகத்தைத் தேய்த்து அழித்துவிட்டு வரைந்தால், மை நிற்காமல் துளித்துளியாக உருண்டது.

செல்வி வந்து தலையை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"மாமா, இதுக்கு என்னத்தத் தடவுனீக?"

"நல்லெண்ணெய்தான். சனிக்கிழமை நான் தேய்க்கையில இவுகளுக்கும் ஆளுக்கு ஒரு சொட்டு. ஒங்க அத்தை இந்த வீட்டுல ஒரு தலைய விடமாட்டாளே!"

"அத்தை மனுசத் தலைக்குத் தேச்சாக! வருசம் பூரா எண்ணெய் குடிச்ச பொம்மையில மை எங்கிட்டு ஒட்டும்? தேச்சவுக சீயக்காயும் போட்டிருக்கணும்ல?"

போட்டோம். உன் தெரு மொத்தத்தையும் சட்டியில் இறக்கி, முதலில் சீயக்காய், பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு. வாசலில் துண்டு விரித்துக் காய வைத்தோம். சாகுல் பாய் சம்சாரம் பாத்திமா எட்டிப் பார்த்தது.

"என்னண்ணே, ஊரே குளிச்சுக் கெடக்கு? எங்க வீட்டு ஆளு எங்கன?"

காட்டினேன்.

"இந்த மனுசன் சொன்னதும் குளிச்சு இன்னைக்குத்தான் பாக்குறேன்."

பிறகுதான் சண்டை. நான் சிரித்த முகம் வரையப் போனேன். செல்வி தடுத்துவிட்டாள்.

"புருவத்தை இறக்குங்க மாமா. மொறச்சாத்தான் அத்தை."

"ஒன்னத்தான் மொறைப்பா. என்னையப் பாத்தா சிரிப்பா."

"அண்ணே, ஒங்களப் பாத்து அவ என்னைக்குச் சிரிச்சா?" என்றது பாத்திமா.

விளையாட்டாகத்தான் சொன்னது. நான் வரைவதை நிறுத்திவிட்டேன். அந்திக் கருக்கலில் ஜீப்பை விட்டு இறங்கி, நான் டார்ச் லைட்டோடு நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பாயே பேச்சி, அதை வேறு யாருமே பார்த்ததில்லையா? செல்வி சொல்வதை வரைந்தால் ஊருக்குத் தெரிந்த பேச்சி வந்துவிடுவாள். நான் பார்த்த சிரிப்பு என்னோடு போய்விடாதா?

துண்டை உதறியபோது ஒரு தலை உருண்டு என் காலடியில் நின்றது. எடுத்துப் பார்த்தால் முன்னால் சிரிப்பு, பின்னால் பயம்! இத்தனை நாளும் பின்முகம் முடிக்குள் மறைந்திருக்கிறது. சில பொம்மைகளைச் செய்யும்போதே இப்படி இரண்டு முகம் வைத்துவிடுவார்களாம், செல்வி சொன்னாள்.

அப்புறம் என்ன, அழித்து வைத்திருந்த தலையில் ஒரு பக்கம் செல்வி உன் முறைப்பை வரைந்தாள். மறுபக்கம் நான் சிரிப்பை வரைந்தேன். வந்துவிட்டது பேச்சி, அதே சிரிப்பு!

படையலில் முறைக்கிற பேச்சிதான் நின்றாள். விளக்கு ஏற்றிய செல்வி, "உப்பு சரியாத்தான் போட்டிருக்கேன் அத்தை, மொறைக்காதீக" என்று சொல்லிவிட்டு அழுதாள். நீ முறைக்காமல் அவளுக்கு எதுவும் ருசிக்கவில்லை போலிருக்கிறது.

எல்லாரும் சாப்பிட எழுந்தபோது நான் உன் கொண்டையைக் கழற்றித் தலையைத் திருப்பி மாட்டி, என் பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பாத்திமா பார்த்துவிட்டது. ரொம்ப நேரம் குனிந்து பார்த்தது. "இப்படியா சிரிப்பா?" என்று மெதுவாகக் கேட்டது. ஆமாம் என்றேன்.

பகலில் நீ செல்விக்கு முறைத்துக்கொண்டிரு. கருக்கலானதும் உன்னை என் பக்கம் திருப்பிக்கொள்வேன். கை ஓடும் மட்டும் ஒரு நாளும் தவறாது.

உன் வீட்டுக்காரன்,
மாயாண்டி