உள்ளங்கை ஓரத்து மை

டேய்,

இன்று காலை வேலையில், அளவு தப்பிய ஒரு வால்வின் மேல் குறுக்குக்கோடு போட மார்க்கரைத் திறந்தேன். அந்த ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவன், "இன்னா சார், பாஸா ஃபெயிலா?" என்றான். ஃபெயில்தான். கோட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். உனக்கு எழுத வேண்டும் போல இருந்தது. எனக்கு இதெல்லாம் சரியாக வராது என்று உனக்குத் தெரியும். வந்தவரை படி.

தி.நகரில் துணிக்கடைகளுக்கு நடுவே, மாடியில் இருந்த அந்தச் சின்னக் கடை ஞாபகம் இருக்கிறதா? கிரிக்கெட் வீரர்களின் கையெழுத்துப் போட்ட பொருள்களை நாம் சேர்க்க ஆரம்பித்த புதிது. கண்ணாடிப் பெட்டிக்குள் கையெழுத்துப் போட்ட பந்து, பக்கத்தில் தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழ். நீ பந்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் பையிலிருந்த லென்ஸை எடுத்தேன். ஒரே கோடாக ஓட வேண்டிய மை, புள்ளி புள்ளியாக இருந்தது. பேனா அதைத் தொட்டதே இல்லை. அச்சு. அதை அப்படியே கடைக்காரரிடம் சொன்னேன்.

"சர்டிபிகேட் இருக்கே சார்."

"அதையும் இதே பிரிண்டர்லதான் அடிச்சீங்களா?"

நீ என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாய். கீழே கரும்பு ஜூஸ் கடையில்தான் உனக்குப் பேச்சே வந்தது. "ஏண்டா, மனுஷன் ஆசையா ஒண்ணு பார்க்கக் கூடாதா? உடனே போஸ்ட்மார்ட்டமா?"

"பொய்யை ஆசையா பார்த்து என்ன பண்ணப் போற?"

"மச்சி, ஒரு நாள் உன் லென்ஸையே ஏமாத்தறேன் பாரு. உன் வாயாலயே ஒரிஜினல்னு சொல்லுவ."

"சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் மயிலாப்பூரில் உன் வீட்டு மொட்டை மாடிதான். நீ எங்கிருந்தாவது எதையாவது பிடித்து வருவாய், நான் பார்ப்பேன். தப்புத் தப்பாகத்தான் கற்றுக்கொண்டோம். வேகமாகப் போட்ட கையெழுத்தில் கோடு முடிகிற இடம் மெலிந்து ஓடும். பார்த்து வரைந்ததில் பேனா தயங்கிய இடங்களில் மை குளம் கட்டி நிற்கும். ஒருமுறை, மையா அச்சா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரு தொப்பியைத் துடைத்தேன். நிஜமான மை. அதனாலேயே கலைந்தது. பாதிப் பெயரைக் காணோம். நீ தலையில் கை வைத்து உட்கார்ந்தாய். பிறகு மாடி அதிரச் சிரித்தாய். "ஒரிஜினல்னு நிரூபிச்சுட்டான்யா! பொருளைத்தான் காணோம்!"

அப்புறம் அடையாறு ஆஸ்பத்திரி. அதைப் பற்றி நிறைய எழுதப் போவதில்லை. நான் உள்ளே வரும்போதெல்லாம் நீ இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வாய். குளிருது என்பாய். நம்பினேன்.

போன மாதம் உன் அக்கா போன் செய்தார். நீ போன பிறகு முதல்முறையாகத் திறந்த உன் அலமாரியில் துணி சுற்றிய ஒரு பேட், மேலே என் பெயர். அதில், நாம் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே பேட்ஸ்மேனின் கையெழுத்து. அதைப் பார்த்ததிலிருந்து உன் அம்மா அழுதுகொண்டே இருக்கிறாராம்.

"நீதானே இதுல முக்கால்வாசி டூப்ளிகேட்னு சொல்லுவ? உடம்பு முடியாத புள்ளைய எவனோ ஏமாத்திட்டான்னு புலம்பறாங்க. வந்து பார்த்துச் சொல்லுடா. எதுவா இருந்தாலும் மறைக்காதே. உனக்குப் பொய் சொல்லவும் வராது."

வந்தேன். ஆன்ட்டி காபியை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். பேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். நல்ல வேகம். எங்கேயும் பேனா தயங்கவில்லை. முடிவுகள் மெலிந்து ஓடின. ஒரிஜினல் என்று வாய்வரை வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தத் தீற்றல் கண்ணில் பட்டது. எழுத்துகளின் மேலேயே, இடமிருந்து வலமாக, காயாத மையைக் கை உரசிப் போன தடம். வலது கையால் எழுதுகிறவரின் கை எழுத்துக்கு முன்னால் போகும், மையைத் தொடாது. இடது கைக்காரனின் கைதான் எழுதியதன் மேலேயே ஊர்ந்து வரும். அந்த பேட்ஸ்மேன் எழுதுவது வலது கையால். எத்தனை வீடியோவில் பார்த்திருக்கிறோம்! லென்ஸை வைத்தேன். தீற்றலின் ஓரத்தில் தோலின் வரிகள் தெரிந்தன.

கல்லூரியில் ஒவ்வொரு பரீட்சை முடிந்தும் உன் இடது கையின் ஓரம், சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை நீலமாக இருக்கும். பஸ்ஸில் அதை என் சட்டையில்தான் துடைப்பாய்.

குளிராம் குளிர்.

"என்னப்பா, டூப்ளிகேட்டா?" என்றார் ஆன்ட்டி.

"டூப்ளிகேட்தான்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவசரமாகச் சொன்னேன். "அவனை யாரும் ஏமாத்தலை ஆன்ட்டி. என்னை ஏமாத்த அவனே போட்டிருக்கான்."

லென்ஸைக் கொடுத்து இடத்தைக் காட்டினேன். ஆன்ட்டி குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு, "போர்வை பூரா கறுப்புக் கறுப்பா இருந்துச்சேடா. மருந்துக் கறைன்னுல்ல சோப்புப் போட்டுத் தேய்ச்சேன்! படுபாவி, படுத்துக்கிட்டே இந்த வேலையா பார்த்தே?" என்றார். அக்காதான் முதலில் சிரித்தார். அப்புறம் எங்கள் மூன்று பேராலும் நிறுத்த முடியவில்லை. ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், மாட்டிக்கிட்டான்" என்றார்.

மாட்டிக்கொண்டாய். ஆனாலும் சொல்கிறேன், ஒரு நிமிஷம் நான் ஏமாந்தேன். அந்த ஒரு நிமிஷம் உன்னுடையது, வைத்துக்கொள்.

பேட் இப்போது மேற்கு மாம்பலத்தில் என் மேசைக்கு மேலே இருக்கிறது. வருகிறவர்கள் ஒரிஜினலா என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். பிறகு ஏன் மாட்டி வைத்திருக்கிறாய் என்றால், காபி குடிக்கிறீர்களா என்று கேட்டுவிடுகிறேன். ஸ்பிரிட்டும் பஞ்சும் அதே பெட்டியில்தான் இருக்கின்றன. பேட்டின் பக்கம் அவற்றைக் கொண்டுபோவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தூசி துடைக்கும்போது கைப்பிடி, பின்பக்கம், ஓரங்கள் எல்லாவற்றுக்கும் துணி. அந்தத் தீற்றலை மட்டும் தொடாமல், குனிந்து வாயால் ஊதிவிடுகிறேன்.