பழத்தட்டோடு போன மன்னிப்பு

மாமாவுக்கு,

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று நம் மகள் குந்தவை கேட்டதற்காக, நேற்று வலங்கைமானுக்குப் பழத்தட்டோடு போய், சம்பந்தியாகப் போகும் என் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டீர்களாமே! "சின்னப் பொண்ணு, தெரியாம கேட்டுடுச்சு. மனசுல வச்சுக்காதப்பா" என்றீர்களாம்.

தெரிந்துதான் கேட்டாள். கேட்கச் சொன்னவளே நான்தான்.

விதைநெல்லை ஈரச் சாக்கில் கட்டி முளைப்புப் பார்க்காமல் நாற்றங்காலில் விடாத மனிதர் நீங்கள். பிள்ளைகளுக்குப் பார்த்தால் மட்டும் குடும்ப மானம் போய்விடுமா? "நம்ம ரத்தத்துல என்ன கொறை?" என்று தம்பி கேட்டபோது வாயைத் திறந்தீர்களா? மாதாமாதம் ரத்தம் ஏற்றத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது நம் பையனைத்தானே? ஊராரிடம் வெறும் காய்ச்சல் என்றீர்கள். ஏழு வயதில் அவன் போனபோது சாமி எடுத்துக்கொண்டது என்றீர்கள். அந்த நோய் நம் இருவர் ரத்தத்திலிருந்தும் சேர்ந்து வந்தது என்று டாக்டர் நம்மை உட்காரவைத்துச் சொன்னதை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இன்று குந்தவையைப் பரிசோதனைக்கு அழைத்துப்போகிறேன். தம்பி மகன் பரணிதரனும் வரட்டும். வராவிட்டால் இந்தக் கல்யாணம் இல்லை. என்னைச் சமாதானப்படுத்தப் பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி. அதற்கும் முன்னால், உங்கள் அக்காள் மகள்.