தண்டட்டி இல்லாத படம்

ஆத்தா, அன்றைக்கு அந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் நான் இங்கிலீஷில் சொன்னது உனக்குப் புரிந்ததா? கேட்க இப்போது நீ இல்லை. இருந்தபோது கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. எனக்கு விடை தெரியாது.

இன்று கல்லூரியில் ஓவியப் போட்டி. மேற்பார்வைக்குப் போயிருந்தேன். சீவிய பென்சில் வாசம் அறை முழுக்க நின்றது. பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நான் மதுரையில் பி.ஏ. முடித்து வீட்டில் இருந்த வருஷம், இங்கிலாந்திலிருந்து சில மாணவர்கள் படிப்புப் பயணமாகப் பெரியகுளம் வந்து தங்கினார்கள். சுற்று ஊர்களைப் பார்த்து வரைவதும் எழுதுவதும்தான் அவர்கள் பாடம். நம் கெங்குவார்பட்டியில் அவர்களுக்கு நான் மொழிபெயர்த்தேன். சில வாரங்களில் ஓர் ஊரைப் புரிந்துகொள்ள முடியும் என்பதில் எனக்கு அப்போதே நம்பிக்கையில்லை. ஆனாலும் அவர்கள் கண்ணுக்கு நான் படித்தவளாகத் தெரியவேண்டும் என்பதில் குறியாக இருந்தேன்.

அந்தப் பெண் உன்னை வரையக் கேட்டாள். நீ கடலை உடைப்பதை நிறுத்திவிட்டு முகம் கழுவி வந்து உட்கார்ந்தாய். வளர்த்த காதில் தொங்கிய தண்டட்டிகளை முன்னால் எடுத்துவிட்டாய். அவை தோளைத் தொட்டன.

"இது நல்லாத் தெரியணும்னு சொல்லு. எங்கய்யா போட்டுவிட்டது."

நான் சொன்னது வேறு. முக்காடு போட்டிருப்பதுபோல வரைந்துவிடு, அந்தக் காதுகள் வேண்டாம், உங்கள் ஊரில் சிரிப்பார்கள் என்றேன். அவள் தயங்கினாள். "அவர் அதைத்தானே காட்டுகிறார்?" என்றாள். என் அம்மாவின் விருப்பமும் இதுதான் என்றேன்.

முக்காடு போட்ட அந்தப் படத்தை நீ இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாய்.

"என்னடி, தண்டட்டியக் காணோம்?"

பக்கத்து வீட்டுச் சின்னம்மா எட்டிப் பார்த்தாள். அதற்கு முந்தின தையில்தான் அவள் தன் வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளை "மொட்டக்காதி" என்று நீ ஓட்டிக்கொண்டிருந்தாய்.

"பாத்தியாக்கா, நான் சொன்னப்ப மாட்டேன்ன. வெள்ளக்காரி ஒத்தப் பென்சில வச்சே அறுத்துப்புட்டா!"

நீயும் சிரித்தாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். "அந்தப் புள்ளகிட்ட என்னமோ சொன்னியே, என்ன அது?"

"வெயிலா இருக்குன்னு சொன்னேன்."

"ம்" என்று படத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கடலைக்குப் போனாய்.

உன் காதைப் பற்றி நான் வெட்கப்பட்டதுகூட வயசுக்கோளாறு என்று போய்விடும். நீ முகம் கழுவி வந்து உட்கார்ந்ததுதான் போகவில்லை. எங்காவது மொழிபெயர்க்கக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொல்லை என் வாயில் வைத்துக்கொள்ள எனக்குப் பயம்.

படம் வரைந்த மறுநாள் முதல் பஸ்ஸில் நீ யாரிடமும் சொல்லாமல் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குப் போனாய். மதியம் திரும்பியபோது இரண்டு காதிலும் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. தண்டட்டிகள் முந்தானை முடிச்சில் இருந்தன.

"டாக்டரம்மா வலிக்காமத் தச்சுவிட்டாக" என்றாய். "அந்தப் புள்ளயக் கூட்டியா. இப்ப முக்காடு இல்லாம வரையட்டும்."