விளக்கேற்றுபவரை மூழ்கடித்தவள்

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று பதினோரு பேருக்குக் காது பரிசோதித்தேன். கடைசியாக வந்த பெரியவர், நான் ஒலி எதுவும் அனுப்பாதபோதும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். "கேட்டுச்சும்மா, சத்தியமா" என்றார். கண்ணாடிக்கு அப்பால், சத்தம் புகாத அந்தச் சின்ன அறைக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

மதியம் ஒரு மின்னஞ்சல். 'ஏரி நகரம்' தளத்தை வேறு சர்வருக்கு மாற்றுகிறார்களாம். மாத முடிவுக்குள் உள்ளே வராத பழைய பெயர்களை நீக்கிவிடுவார்களாம். ஏரி நகரம் இன்னும் இருக்கிறதா?

பிப்ரவரி 7, புதன்

கடவுச்சொல் எனக்கு நினைவில்லை. விரல்களுக்கு நினைவிருந்தது.

பத்துப் பதினைந்து பேர் முறை வைத்து எழுதிய ஒரே கதை அது. நடுவில் ஏரி, எப்போதும் பனி. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடர வேண்டும். ஆளுக்கொரு பாத்திரம். என்னுடையவள் படகோட்டி. அங்கே என் பெயர் 'அரைத்தூக்கம்'. இருபத்திரண்டு வயதில் அது பெரிய நகைச்சுவை.

பதினெட்டு வருடத்தில் நகரம் வளர்ந்திருக்கிறது. தெரியாத தெருக்கள், ஒரு பாலம், மணிக்கூண்டு. என் படகோட்டியை யாரும் தொடவில்லை. துறையில் தூங்குகிறாள் என்று வருடத்துக்கு ஒரு வரி யாராவது எழுதியிருக்கிறார்கள். ஒரு வருடம் போர்வைகூடப் போர்த்தியிருக்கிறார்கள்.

பஸ்ஸில் படித்துக்கொண்டே இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

பிப்ரவரி 10, சனி

தள்ளிப்போட்டதை எழுதிவிடுகிறேன்.

அங்கே ஒரே ஒரு கண்டிப்பான விதி. அடுத்தவர் பாத்திரத்தை அவரைக் கேட்காமல் பேசவைக்கக் கூடாது, சாகடிக்கக் கூடாது. விளக்கேற்றுபவர் 'கூழாங்கல்' என்பவரின் பாத்திரம். கூழாங்கல் மூன்று வாரம் வரவில்லை. அவர் முறையில் கதை முட்டிக்கொண்டு நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே பத்தி — படகு கவிழ்ந்தது, விளக்கேற்றுபவர் மூழ்கினார். எவ்வளவு அழகாக எழுதிவிட்டோம் என்று பெருமை வேறு!

திரும்பி வந்த கூழாங்கல் ஒரே சொல் எழுதினார்: "சரி."

அதன் பிறகு நான் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

கூழாங்கல் இன்னும் அங்கே இருக்கிறார்! இப்போது ரொட்டிக் கடைக்காரியாக எழுதுகிறார். மன்னிப்புக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்பினேன்.

கணவர் கேட்டார்: "கதையில செத்தவருக்கு இப்பப் போய் துக்கம் விசாரிக்கிறியா?" சிரித்துவிட்டேன். ஆனாலும்.

பிப்ரவரி 15

பதில் இல்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

வந்துவிட்டது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"அந்த மூணு வாரமும் ஆஸ்பத்திரியில இருந்தேன். என் தம்பிக்கு பிளட் கேன்சர். இருபத்தாறு வயசு. நம்ம கதைய முதல்லேர்ந்து அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். அவனுக்கு விளக்கேத்துறவர்னா உசுரு. நீங்க எழுதினத எப்படிப் படிக்கிறது? படிக்கல. 'அக்கா, அப்புறம் என்னாச்சு'ன்னு கேப்பான். நானா கட்டிச் சொல்லுவேன். நாலு மாசம் சொன்னேன். கடைசி வரைக்கும் அவனுக்கு அவர் சாகவே இல்ல."

அக்கா. கூழாங்கல் ஒரு பெண் என்று இன்றுதான் தெரிகிறது.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். எங்க இருக்கீங்க, நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை — கேக்கத் தோணலையே!

மாடியில் துணி உலர்த்திவிட்டு அங்கேயே நின்றிருந்தேன். போர்வைகள் காற்றில் உப்பி உப்பி அடங்கின. கொடியோடு எல்லாம் எங்கேயோ புறப்பட்டுப் போவது போல இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன்?

பிப்ரவரி 20, செவ்வாய்

அந்தப் பத்தியை நீக்கிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அது மேல பதினெட்டு வருஷக் கதை நிக்குது."

தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டேன். தம்பிக்குச் சொன்ன கதை ஞாபகம் இருக்கிறதா?

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

பிப்ரவரி 26, திங்கள்

அதை எழுதப்போகிறாராம், தனிப் பக்கத்தில். "ஆனா ஒண்ணு சொல்லணும். அதுல உங்க படகுக்காரிய நிறையப் பேச வச்சிருக்கேன். உங்களக் கேக்கல. பரவாயில்லையா?"

சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சத்தம் வெளியே போயிருக்காது. அதற்காகத்தானே கட்டியிருக்கிறார்கள்.

"தாராளமா" என்று எழுதினேன்.

மார்ச் 3, ஞாயிறு

முதல் பகுதி வந்திருக்கிறது. விளக்கேற்றுபவரை ஏற்றிக்கொண்டு போகிறாள் என் படகோட்டி. எண்ணெய் சிந்தாமல் உட்காரத் தெரியாதா என்று திட்டுகிறாள். அவர் ஏதோ சொல்கிறார். துடுப்பை விட்டுவிட்டுச் சிரிக்கிறாள். படகு பனிக்குள் தன்பாட்டுக்குப் போகிறது. நான் அவளை ஒருமுறைகூடச் சிரிக்கவைத்ததில்லை.

அவர் அப்படி என்னதான் சொன்னார் என்று கேட்டேன்.

"அது என் தம்பி சொன்ன ஜோக். ரொம்ப மோசமா இருக்கும், எழுத முடியாது. போன்ல வேணா சொல்றேன்." கூடவே எண்.

சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று பதில் போட்டேன். சாப்பிடாமலே கூப்பிட்டுவிட்டேன்.

மோசமான ஜோக்தான்.