அக்கா தொலைந்த கதை

ஆடி வெள்ளி, அரியலூர்.

நான் படிக்கும் மர்ம நாவலில் ஒரு சிறுமி தொலைந்துவிடுகிறாள். இன்று சிறுவாச்சூர் கோயிலில் மாவிளக்குக்கு அரிசி இடித்தபடியே அக்காவிடம் கதையைச் சொன்னேன். சின்ன வயதில் அவளும் இதே கூட்டத்தில் தொலைந்து கிடைத்தவள்தான்.

அக்கா உலக்கையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"நான் தொலையவே இல்லடி. நீ பொறந்ததுலேருந்து அப்பா என்னைத் தூக்குறதே இல்ல. தேடுறாரான்னு பாக்கத்தான் மாவு இடிக்கிற பொம்பளைங்க நடுவுல ஒளிஞ்சிருந்தேன். அழுதுகிட்டே தேடுனாரு. அப்பறம்தான் வந்தேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

திரும்பும்போது நல்ல கூட்டம். அப்பா வழக்கம்போல, தலை நரைத்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கைய வுடாத தாயி."

எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ்ஸில் அக்கா தூங்கியதும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியும். அன்னைக்கு வந்து நின்னப்பவே வாயெல்லாம் மாவு. தொலஞ்ச புள்ள உக்காந்து மாவா திங்கும்?"

"அப்பறம் ஏன்ப்பா கேக்கல?"

"கேட்டா அழுதுருப்பா. அதான் தூக்கிக்கிட்டேன். இத அவகிட்ட சொல்லாத."

அக்காவின் கையை அப்போதும் அவர் விடவில்லை.

அவள் தொலைந்ததாக இத்தனை வருஷம் நம்பி, கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கவலைப்பட்டவள் நான் ஒருத்திதான்.