துணைக்கு உட்கார்ந்த சிஸ்டர்

சாந்தோம், ஜூலை 1946. வெள்ளி இரவு.

இல்லை, அத்தை பொய் சொன்னாள் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதுதான் உறுத்துகிறது.

அப்பாவின் ஏற்பாட்டில், திங்கட்கிழமை அவளுடைய கன்னியர் மடத்திலேயே நானும் சேர வேண்டும். அதனால் இன்று அங்கே போய்க் கேட்டேன்: "இத்தனை வருஷ ஊழியத்தில் ஒரு நாளாவது வருத்தப்பட்டிருக்கிறீர்களா அத்தை?" குப்பத்துப் பிள்ளைகளின் புண்ணைக் கழுவியே வெளுத்துப்போன கைகளை மடியில் வைத்திருந்தாள். நான் கேட்டு முடிப்பதற்குள், "ஒரு நாளும் இல்லடி" என்றாள்.

மடத்தில் எந்த சிஸ்டரும் விருந்தாளியிடம் தனியாகப் பேசக்கூடாது. துணைக்கு இன்னொரு கிழ சிஸ்டர் மூலையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழத்தான் அந்தப் பதில் என்று தீர்மானித்தேன். நூல் எடுக்க அவள் எழுந்து போனதும் மறுபடி கேட்டேன்.

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாடி, போலீஸ்காரன் மாதிரி ஆள் போனதும் கேக்குறே? அவளுக்குக் காது செவிடு. பீரங்கி வெடிச்சாலும் கேக்காது."

பிறகு என்னையே பார்த்தாள். "நான் வருத்தப்பட்டேன்னு சொல்லணும்னு நீ காத்துக்கினு கீறியா?"

நான் கிளம்பி வந்துவிட்டேன். அவள் வருத்தப்பட்டேன் என்றிருந்தால் அப்பாவிடம் சொல்ல ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதற்குத்தான் போனேனோ?

கூடத்தில் அப்பா இருமும் சத்தம் கேட்டது. எழுந்து போய், திங்கட்கிழமை மடத்துக்குப் போகவில்லை, எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.