கன்னியம்மா கூடையை மூடினாள்

ஐப்பசி 20, ஞாயிறு

இன்னும் நெஞ்சு ஆறவில்லை. கல்பாக்கம் அணு உலைப் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டு வரும் கன்னியம்மாவை இன்று என் மருமகள் ரேவதி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். எங்கோ அணு உலை வெடித்து, ஜனமெல்லாம் விட்டுவிட்டு ஓடிய ஊரை நேற்று ராத்திரி முழுக்க போனில் பார்த்திருக்கிறாள்.

"உலைப் பக்கத்து மீனு எங்களுக்கு வேணாம். இனிமே வராதீங்க."

கன்னியம்மா சிரித்தாள். "மீனே வோணாம்னா, அங்கியே குடியிருக்கிற என்னை இன்னா பண்ணுவே கண்ணு?" என்று கூடையை மூடினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முடிச்சூர் வெள்ளத்துல மொட்டை மாடியில நின்னு அழுதியேடி, இவ புருஷன் படகுலதானே இறங்குன? அப்ப மீன் நாத்தம் அடிக்கலியா?" என்றேன். ரேவதி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஊரே மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்.

வீம்புக்கு ஒரு கூறு சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். ரேவதி தொடவில்லை. போகட்டும். பேத்திதான் தட்டோடு வந்து, "முள்ளு எடுத்துக் குடு ஆயா" என்று உட்கார்ந்தாள். எடுத்தேன். அவள் தட்டில் வைக்கக் கை போகவில்லை. உலை பத்திரமாக இருக்கிறது என்கிறார்கள். வெள்ளத்துக்கு முந்தின நாளும் ஏரி பத்திரம் என்றுதான் சொன்னார்கள், பாவிகள்.

"உனக்கு ரசம்" என்றேன்.

அடுத்த ஞாயிறும் கன்னியம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன். வந்ததும், "பாப்பா துன்னுச்சா?" என்றுதான் முதலில் கேட்பாள்.